ஆயிரத்து அறுநூறு பார்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் ஒரு சிறிய டீசல் கார். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் அது குடிப்பது 3.2 லிட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் வாங்கும். ஆக, மணிக்கு 2,40,000 முறை. 3.2 லிட்டரை இதால் வகுத்தால் ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 13 கன மில்லிமீட்டர். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தின் ஒரு சொட்டே சுமார் 50 கன மில்லிமீட்டர் இருக்கும். காரை இழுத்துக்கொண்டு போவது அதில் கால் பங்கு.

இந்தக் கால் சொட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் ஒரு மில்லிவினாடி. அதற்குள் அது சிலிண்டருக்குள் நுழைந்து, சிதறி, ஆவியாகி, சூடான காற்றோடு கலக்க வேண்டும். உருண்டையாக ஒரே துளியாக விழுந்தால் அதன் மேற்பரப்பு 27 சதுர மில்லிமீட்டர்கூட இராது. மேற்பரப்பிலிருந்துதான் ஆவி கிளம்பும் என்பதால் அது எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே போய்விடும். அதே டீசலை 15 மைக்ரான் விட்டமுள்ள பொடித்துளிகளாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு 5,200 சதுர மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 200 மடங்கு. டீசல் எஞ்சினில் எரிபொருள் அழுத்தம் என்று நாம் பேசுவதெல்லாம் முதலில் இந்த 200 மடங்கைப் பற்றிய பேச்சு.

அதைச் சாதிக்கும் வழி முரட்டுத்தனமானது. இன்ஜெக்டர் முனையில் உள்ள ஓட்டைகள் 0.12 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அவற்றின் வழியாக 1600 பார் அழுத்தத்தில் டீசலைத் தள்ளுகிறார்கள். பூமியின் மிக ஆழமான கடற்பள்ளமான மரியானாவின் அடித்தரையில்கூட அழுத்தம் 1100 பாருக்குச் சற்றுக் குறைவுதான். அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, டீசலின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும்: வினாடிக்கு சுமார் 620 மீட்டர். சிலிண்டரின் நடுவில் இருக்கும் இன்ஜெக்டருக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே ஒரு சிறிய எஞ்சினில் 35 மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. காற்று தடுக்காவிட்டால் இந்தத் தூரத்தைக் கடக்க டீசலுக்கு ஒரு வினாடியின் இலட்சத்தில் ஆறு பங்கு போதும். 2000 சுற்று வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி நகர்வதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது.

அந்த வர்க்கமூலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் பாதி வழக்கு அதில்தான் தீரப்போகிறது. அழுத்தத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் டீசலின் வேகம் இரண்டு மடங்கு ஆகாது, 1.41 மடங்குதான் ஆகும்.

ருடால்ஃப் டீசலுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்து 26.2 சதவீதத் திறன் என்று சான்று தந்த அந்த எஞ்சினில், எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியது காற்று. உள்ளே இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் காற்றைத் தயாரிக்க எஞ்சினோடு ஒரு கம்ப்ரெசரும் ஓடியது. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது பொருந்தியது. காருக்குள் அந்தப் பாரத்தை ஏற்ற முடியாது. காற்றின் துணை இல்லாமல் டீசலையே நேராக அழுத்தும் சிறிய பம்ப் வந்த பிறகுதான் டீசல் எஞ்சின் சாலைக்கு இறங்கியது. ராபர்ட் போஷ் 1922-இல் இந்த வேலையைக் கையில் எடுத்தார். 1927-இல் பம்ப் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி, 45 குதிரைத்திறன் எஞ்சினோடு, விற்பனைக்கான டீசல் கார்களின் முன்வரிசையில் வந்து நின்றது.

அந்தக் காலத்து பம்பில் "பிரஷர் செட்டிங்" என்றால் அது நாசிலின் வேலை. நாசில் ஊசியை ஒரு ஸ்பிரிங் அழுத்தி மூடிவைத்திருக்கும். பம்பிலிருந்து வரும் டீசல் அந்த ஸ்பிரிங்கை வெல்லும்போது ஊசி எழும்பித் திறக்கும். ப்ரீசேம்பர் என்னும் முன்னறை வைத்த எஞ்சின்களில் நூற்றுச் சொச்சம் பாரிலும், நேரடியாகப் பாய்ச்சும் எஞ்சின்களில் 200 பார் அளவிலும் திறக்கும்படி ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய ஷிம் வைத்துச் சரிசெய்வார்கள். 0.05 மில்லிமீட்டர் ஷிம் ஒன்று சேர்த்தால் சில பார் ஏறும். லாரி ஓடும் ஊர்களில் இன்றும் பம்ப் கடைகளில் நாசில் டெஸ்டரைப் பார்க்கலாம்: மெக்கானிக் கைப்பிடியை அழுத்துவார், மானியில் முள் ஏறும், குறிப்பிட்ட இடத்தில் நாசில் கரகரத்துக்கொண்டு புகைபோலப் பீய்ச்சும். அந்தக் கரகரப்பைக் கேட்டே ஊசி சரியாக உட்காருகிறதா, முனையில் சொட்டுகிறதா என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுடைய காதின் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த முள் காட்டுவது திறக்கும் அழுத்தத்தை. திறந்த பிறகு எவ்வளவு ஏறும் என்பது பம்பைச் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் குறைவு, வேகமாகச் சுற்றும்போது அதிகம். மேடு ஏறும் லாரி, குறைந்த சுற்றில் மூச்சுத் திணறும்போதுதான் நல்ல பொடித்தூறல் அதற்குத் தேவை. அப்போது பார்த்து அழுத்தம் இருக்காது. பழைய லாரிகளின் கறும்புகைக்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்த முடிச்சை அவிழ்த்ததுதான் காமன் ரெயில். அழுத்தத்தை உண்டாக்கும் வேலையையும் டீசலைப் பாய்ச்சும் வேலையையும் பிரித்துவிட்டார்கள். பம்ப் ஒரு தடித்த எஃகுக் குழாயை எப்போதும் நிரப்பி அழுத்தத்தில் வைத்திருக்கும். நான்கு இன்ஜெக்டர்களும் ரெயில் என்னும் அந்தப் பொதுக் குழாயிலிருந்து எடுத்துக்கொள்ளும். எப்போது, எத்தனை முறை, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை மின்சாரம் தீர்மானிக்கும். 1960-களில் சுவிட்சர்லாந்தின் ராபர்ட் ஹூபர் இதற்கு முன்மாதிரி செய்து பார்த்தார். 1995-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் அமைப்பு ஹினோ லாரியில் விற்பனைக்கு வந்தது. கார்களுக்கான வடிவத்தைப் பெரும்பாலும் உருவாக்கியது இத்தாலியின் ஃபியட் குழுமம். மாரியோ ரிக்கோ தலைமையிலான குழு அதைச் செய்து முடித்தது. பிறகு 1994-இல் ஃபியட் அதை போஷுக்கு விற்றுவிட்டது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் 1350 பார் அழுத்தத்தோடு சாலைக்கு வந்தது. தான் கண்டெடுத்ததைத் தானே தயாரிக்காமல் விற்றது ஃபியட் செய்த தவறுகளில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

அதே ஃபியட் 2003-இல் கொண்டுவந்த 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின் இந்தியாவில் பலருக்கு வீட்டு எஞ்சின் ஆகிவிட்டது. 2007-இல் மாருதி ஸ்விஃப்டில், பிறகு டாடா விஸ்டாவில், ஃபியட்டின் சொந்த கார்களில் என்று ஒரே எஞ்சின் பல பெயர்களில் ஓடியது. பிஎஸ் 6 புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்தும்வரை நம் சாலைகளில் அதன் சத்தம் கேட்காத நாள் இல்லை. அழுத்தத்தை டியூன் செய்வது பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சில் பாதி இந்த எஞ்சினைப் பற்றியது. ஆகவே இந்த வகை எஞ்சினையே மனதில் வைத்துப் பார்ப்போம். 1600 பார் அந்தத் தலைமுறை அமைப்பின் உச்ச எண்.

உச்சம்தான், எப்போதும் இருப்பதல்ல. ஐடிலில் நிற்கும்போது ரெயிலில் 250 முதல் 300 பார் இருந்தால் போதும். முழு மிதியில் 1600-ஐத் தொடும். நடுவில் உள்ள ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. இசியு என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது: ஒரு பக்கம் எஞ்சின் சுற்று, மறு பக்கம் பாய்ச்ச வேண்டிய டீசலின் அளவு, கட்டத்துக்குள் ரெயில் அழுத்தம். குளிர்ந்த எஞ்சினுக்கு, சூடான காற்றுக்கு, காற்று மெலிந்த மலைக்கு என்று தனித்தனித் திருத்தங்கள் அதன் மேல் ஏறும். இந்தக் கட்டங்களை நிரப்புவதற்குத்தான் கார் நிறுவனங்களின் பொறியாளர்கள் டெஸ்ட் பெட்டில் மாதக்கணக்கில் எஞ்சினை ஓட்டுகிறார்கள். ஸ்வீடனின் வடக்கே ஆர்யெப்லோக் போன்ற உறைபனி ஊர்களுக்கும் கொதிக்கும் பாலைவனங்களுக்கும் காரை எடுத்துப் போகிறார்கள்.

அழுத்தம் கூடினால் தூறல் பொடியாகும், நல்லதுதானே, ஐடிலிலும் 1600 வைத்துவிட்டால் என்ன? வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐடிலில் ஒரு முறைக்குத் தேவைப்படுவது சுமார் 5 கன மில்லிமீட்டர். 1600 பாரில் அந்த அளவு வெளியேற ஆகும் நேரம் மிகவும் சொற்பம். இன்ஜெக்டர் ஊசி முழுதாக எழும்புவதற்குள் மூட வேண்டிவரும், அப்போது அளவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக இருக்கும், எஞ்சின் குலுங்கும். பொடித்தூறல் காற்றோடு மிக விரைவாகக் கலந்துவிடுவதால், தீப்பற்றும் கணத்தில் கலந்து தயாராக நிற்கும் டீசல் அத்தனையும் ஒரேயடியாக வெடிக்கும். டீசலுக்கே உரிய அந்த 'டக டக' சத்தம் காதைப் பிளக்கும். அதை அடக்கத்தான் பிரதானப் பாய்ச்சலுக்கு முன்னால் ஒன்றிரண்டு கன மில்லிமீட்டரை முன்கூட்டியே விட்டுச் சிறு தீயை மூட்டிவைக்கிறார்கள். மல்டிஜெட் என்ற பெயரே ஒரு சுற்றில் பல பாய்ச்சல்கள் என்பதிலிருந்து வந்தது. இன்னொன்று, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வேகமாகப் பாயும் டீசல் ஆவியாகும் முன்பே சுவரில் போய் ஒட்டும். ஒட்டியது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும்.

முழுச் சுமையில் கணக்கு வேறு. 1997-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் டெக் என்பவர் லேசர் ஒளியால் எரியும் டீசல் தாரையைப் படம்பிடித்து, அதுவரை வரைந்துவந்த படத்தையே மாற்றினார். நாசிலிலிருந்து புறப்பட்ட தாரை சிறிது தூரம் எரியாமல் போகிறது. அந்தத் தூரத்தில் சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொள்கிறது. பிறகு போதிய காற்று இல்லாத கலவையாகப் பாதி எரிந்து, அங்கேதான் கரித்துகள் பிறக்கிறது. வெளி விளிம்பில், காற்றைச் சந்திக்கும் மெல்லிய தீப்படலத்தில், மிச்சம் எரிகிறது. அந்தக் கடும் சூட்டில் காற்றின் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகின்றன. தாரை வேகமாகப் பாய்ந்தால் எரியாமல் போகும் தூரம் நீள்கிறது, இழுக்கும் காற்று கூடுகிறது, கரி குறைகிறது. ஆனால் எரிவது விரைவாகவும் சூடாகவும் நடப்பதால் நைட்ரஜன் ஆக்ஸைடு ஏறுகிறது.

ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி, புகையின் ஒரு பகுதியைத் திரும்பச் சிலிண்டருக்குள் அனுப்பி எரிதலின் சூட்டைத் தணிப்பது. தணித்தால் கரி கூடும். கூடிய கரியை மேலும் உயர்ந்த அழுத்தத்தால் குறைப்பது. 1350 பாரில் தொடங்கிய கார்கள் 1600, 1800, 2000, 2500 என்று ஏறிப்போனதற்கு உந்துதல் பெரும்பாலும் இந்தக் கயிறு இழுப்புதான். குதிரைத்திறன் கூடியது பக்க லாபம். விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிப் பழக்கிவிட்டன. அழுத்தத்தை ஏற்றினால் சக்தி ஏறும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வேர்பிடித்தது.

அந்த நம்பிக்கை எங்கே இடறுகிறது என்று பார்ப்போம். இசியுவுக்குள் இன்னொரு அட்டவணை உண்டு. அதன் ஒரு பக்கம் தேவையான டீசல் அளவு, மறு பக்கம் ரெயிலில் இப்போது இருக்கும் அழுத்தம். கட்டத்துக்குள் இருப்பது இன்ஜெக்டரைத் திறந்துவைக்க வேண்டிய நேரம், மைக்ரோவினாடியில். அழுத்தம் அதிகமாக இருந்தால் நேரம் குறையும். ஆகவே முதல் அட்டவணையில் மட்டும் 1200-ஐ 1320 ஆக்கிவிட்டு உட்கார்ந்தால், இசியு நேரத்தைச் சுருக்கிக்கொண்டு அதே அளவு டீசலைத்தான் கொடுக்கும். தூறல் கொஞ்சம் பொடியாகும், சத்தம் மாறும், பம்புக்கு வேலை கூடும். சக்தி ஏறக்குறைய அப்படியே இருக்கும். சக்தி வேண்டுமென்றால் டீசலின் அளவைக் கூட்ட வேண்டும். அந்த டீசலை எரிக்கக் காற்று வேண்டும், ஆகவே டர்போவின் அழுத்தத்தையும் தொட வேண்டும். பாய்ச்சும் நேரம் நீண்டு எரிதல் பின்னுக்குப் போகாமல் இருக்கத்தான் ரெயில் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இசியுவின் அட்டவணைகளை மாற்றி எழுதும் நேர்மையான ரீமேப் இந்த வரிசையில் நடக்கும். அதில் ரெயில் அழுத்தம் துணைவேடம்.

கடைகளில் விற்கும் டியூனிங் பாக்ஸ் வேறு வழியில் போகிறது. ரெயிலின் முனையில் ஒரு சென்சார் உண்டு; எஃகுத் தகடு அழுத்தத்தால் மிக நுண்ணிய அளவில் வளைவதை அது அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரையிலான மின்னழுத்தமாக மாற்றி இசியுவுக்கு அனுப்புகிறது. மலிவான பாக்ஸ் இந்தக் கம்பியின் நடுவில் உட்கார்ந்து எண்ணைக் குறைத்துச் சொல்லும். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைப்பது போன்ற வேலை இது. ரெயிலில் உண்மையில் 1320 பார் இருக்க, 1200 என்று இசியு நம்பும். 1200-க்கான நேரம் திறந்துவைக்கும். 1320-க்கான டீசல் பாயும். பத்து சதவீதப் பொய்க்குக் கிடைக்கும் கூடுதல் டீசல், அந்த வர்க்கமூலத்தின்படி, சுமார் ஐந்து சதவீதம். மிதியில் வித்தியாசம் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இசியு இனிமேல் தவறாகவே கணிக்கும். முன்பாய்ச்சலுக்கான ஒன்றரை கன மில்லிமீட்டர் பெருகும். புகை வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கும் என்ற மதிப்பீடு பிசகும். டிஸ்ப்ளே காட்டும் மைலேஜ் பொய்யாகும், ஏனென்றால் தான் கொடுத்ததாக நினைக்கும் டீசலைத்தான் இசியு கணக்கில் எழுதுகிறது. பாக்ஸ் போட்ட பிறகு மைலேஜ் கூடியது என்று சொல்பவர்கள் டேங்கை நிரப்பி அளந்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

உச்சத்தில்தான் ஆபத்து அதிகம். இசியு 1600 கேட்கும் இடத்தில் பத்து சதவீதப் பொய் சொன்னால் ரெயிலில் 1760 இருக்கும். பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான். அங்கே தனியாக ஆயில் கிடையாது, டீசலே மசகு. கந்தகத்தை 10 பிபிஎம்முக்குக் குறைத்தபோது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் குறைந்தது. மசகுச் சேர்க்கைப் பொருள் கலந்து அதை ஈடுகட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இந்த பம்பை அரிப்பதற்குக் காரணமும் இந்த வழுவழுப்பு இழப்புதான். அழுத்தம் ஏற ஏற அந்த மெல்லிய படலத்தின் மேல் பாரம் கூடுகிறது. கசிந்து டேங்குக்குத் திரும்பும் டீசலின் சூடும் ஏறுகிறது: 1600 பாரிலிருந்து ஒரேயடியாக வெளியேறும் டீசல் ஐம்பது டிகிரிக்கும் மேல் சூடாகும். சூடான டீசலின் பாகுநிலை குறைவு. படலம் இன்னும் மெலியும்.

ஓடும் எஞ்சினில் ரெயில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய லாரிப் பழக்கத்தைக் காமன் ரெயிலில் கனவிலும் செய்யக்கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்து உள்ளே டீசலைச் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலையோ கையையோ இழந்தவர்கள் உண்டு. புள்ளிதானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும்.

சக்தி குறைந்துவிட்டது, அழுத்தத்தை ஏற்றித் தாருங்கள் என்று வரும் காரில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஸ்கேனரைப் பொருத்தினால் இசியு கேட்கும் அழுத்தமும் ரெயிலில் உண்மையாக இருக்கும் அழுத்தமும் அருகருகே தெரியும். மூன்றாவது கியரில் முழு மிதியில் ஓட்டிப் பார்த்து அவை சேர்ந்து ஏறுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். கேட்பது 1600, கிடைப்பது 1350 என்றால் அந்தக் காரின் குறை அட்டவணையில் இல்லை. முதலில் ஃபில்டர். அடுத்து இன்ஜெக்டர்களின் திரும்பு கசிவு: இன்ஜெக்டரின் ஊசியை மின்காந்தம் நேராகத் தூக்குவதில்லை, மேலே ஒரு சிறு அறையில் உள்ள அழுத்தத்தை ஒரு குண்டு வால்வின் வழியாகத் திறந்துவிடுகிறது, கீழே இருக்கும் அழுத்தமே ஊசியைத் தூக்குகிறது. அந்தக் குண்டின் இருக்கை தேய்ந்தால் டீசல் வீணாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் எது நிரம்புகிறது என்று தெரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் கார்களில் பலவற்றுக்கும் காரணம் இதுதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ரெயிலில் இருநூறு பார் அளவுக்காவது சேர்ந்தால்தான் இசியு பாய்ச்சலை அனுமதிக்கும். பாட்டில்கள் நான்கும் சமமாக இருந்தால் பிரஷர் ரெகுலேட்டர் வால்வு, அதன் பிறகு பம்பின் அளவு வால்வு, கடைசியாகத்தான் பம்ப். இந்த வரிசையில் பார்க்காமல் அட்டவணையின் உச்ச எண்ணை 1600-லிருந்து 1700 ஆக்கினாலும் அந்தக் காரின் ரெயிலில் 1350-தான் நிற்கும்.